இலவசத்தின் ஏழாம் நாள்

நள்ளிரவோடு முடிகிறது இலவசம்.
பிறகு மாதம் இருபத்தைந்து பிராங்;
அட்டை எண் ஏற்கெனவே அவர்களிடம்.
பீல் நகரத்தின் மேல் ஏரிப் பனிமூட்டம்
மூன்று நாளாய் எழும்பவில்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எனக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு வேலை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பாடங்கள் நூற்றுப் பன்னிரண்டு.
சொல்லித்தருகிற பையன் ஒவ்வொரு முறையும்
'சும்மா ஒரு கிளிக்' என்கிறான்.
அவனுடைய ஒரு சும்மாவுக்கு
எனக்கு முக்கால் மணி நேரம்.
சனி ஞாயிறில் சாமத்திய வீடு, கலியாணம்,
அல்பம் ஒன்றுக்கு முந்நூறு,
அதிலும் பாதிப்பேர் 'பிறகு தாறம்'.
"இதைப் படிச்சு என்ன செய்யப்போறியள்?" என்றாள் யசோ.
என்றுவிட்டு, தன் தாடையை மட்டும்
கொஞ்சம் ஒடுக்கித் தரச் சொன்னாள்.

முதல் நாள், படலங்கள்.
ஒன்றின்மேல் ஒன்றாய்க் கண்ணாடித் தாள்;
எதையும் அழிக்காமலே
எல்லாவற்றையும் மறைத்துவிடலாம்.
சங்க நிர்வாகக் குழுவில்
பதினொரு வருடம் இருந்தவனுக்கு
அது மட்டும் உடனே விளங்கிற்று.

மூன்றாம் நாள்,
மே மாதம் ஏரிக்கரையில் எடுத்த படத்திலிருந்து
ஒரு குப்பைத்தொட்டியை நீக்கினேன்.
நீக்கி, அங்கே புல் வைத்தேன்.
ஒரே மஞ்சள் பூ
ஒரே வளைந்த காம்போடு
இரண்டு இடத்தில் நிற்பது
யாருக்கும் தெரியாது.
எனக்கு இப்போது அந்தப் படத்தில்
அந்த இரட்டைப் பூ மட்டும்தான்;
பெண்ணைக் காணோம்.
தொட்டிக்குச் சில்லு இருந்தது.
அன்றைக்கே காலால் தள்ளியிருக்கலாம்.

அத்தோடு விட்டிருப்பேன்.
நேற்று மிதுஷா ஒரு படம் அனுப்பினாள்.

அவளுடைய அண்ணன், தோகாவில்.
கலியாணத்துக்கு லீவு கொடுக்கவில்லை.
விடுதியின் வெளிச்சுவர் ஓரம்
இரவல் கோட்டு, தோளில் இரண்டு விரற்கடை தொங்க,
இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு
ஒதுங்கி நிற்கிறான்.
'ரெண்டாம் வரிசையில எனக்குப் பின்னால
போட்டுவிடுங்கோ அண்ணா,
உங்களுக்கு அது சும்மா ஒரு கிளிக்தானே.'

வெட்டியெடுப்பது ஒன்றுமில்லை.
தலைமுடி விளிம்புகூடப் பரவாயில்லை.
வெயில்தான்.
அங்கே அது உச்சியில் இறங்கி
மூக்கின் நிழலை உதட்டில் போட்டிருக்கிறது,
கண்களைக் குழிக்குள் தள்ளியிருக்கிறது.
இங்கே மண்டபத்து ஜன்னலால் வந்தது
கழுவிய பால்போத்தல் நிறத்தில் ஒரு நவம்பர்;
எல்லோருக்கும் இடக்கன்னம் மட்டும் வெளிச்சம்.
எந்த வரிசையில் வைத்தாலும் அவன்
வேறொரு பகலில் நிற்கிறான்.

நிழலைத் தணித்தேன்,
மீசையும் சேர்ந்து போயிற்று.
கன்னத்தில் கொஞ்சம் நவம்பரைப் பூசினேன்,
காய்ச்சல்காரன் ஆனான்.
வெளிச்சத்தின் திசையை மாற்றுவது
நாற்பத்தேழாம் பாடம்.
நான் நிற்பது பதினெட்டில்.

எலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பை மடிக்க
எனக்கு மூன்று மாதம் பிடித்தது.
கூட வேலைசெய்யும் சிபிண்டன் அம்மா
நாலு மூலையையும் ஒரு கைக்குள் கோர்த்துக் காட்டுவாள்,
நான் ஒவ்வொரு நாளும் சுருட்டித்தான் வைப்பேன்.
அதற்கு நான் மணிக்கணக்குப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்,
தெரியாது.

பதினொன்று நாற்பது.
'நிறுத்து' என்ற பொத்தான்மேல் அம்புக்குறி.
நிச்சயமா என்று கேட்கிறது,
இரண்டு மாதம் பாதி விலை என்கிறது,
கடை பூட்டும் நேரத்து மீன்காரன் மாதிரி.

மூடுமுன் ஒருதரம்
நானூறு மடங்கு பெருப்பித்துப் பார்த்தேன்.
கோட்டுப் பையில் கைக்குட்டை.
மாம்பழ மஞ்சளில் அரக்கு விளிம்பு,
இங்கே பெண்வீட்டார் அத்தனை பேரும் உடுத்தியிருந்த
அதே மஞ்சள், அதே அரக்கு.
யாரிடமோ கேட்டிருக்கிறான்.
கேட்டு, அந்த ஊரில் தேடிப் பிடித்திருக்கிறான்.
ஒரு பக்கம் மடிப்புச் சரியில்லை.

பன்னிரண்டு தாண்டி நாலு நிமிடம்.
இருபத்தைந்து பிராங் இந்நேரம் போயிருக்கும்.
யசோவிடம் நாளைக்குச் சொல்லலாம்,
அல்லது தாடையை ஒடுக்கிய பிறகு.
இடையில் உள்ள இருபத்தெட்டுப் பாடத்தையும் தாண்டி
நாற்பத்தேழைத் திறந்தேன்.

'சும்மா' என்று ஆரம்பித்தான் பையன்.